அண்ணன்கள் கேட்கும் கையெழுத்து

வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

சொந்த ஊர் குமரி மாவட்டம், விளவங்கோடு தாலுகா. வயது 48. இப்போது கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். படிப்பு முடிந்த கையோடு ஓமானுக்குப் போய் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அவர் அனுப்பிய பணத்தில்தான் ஊர் வீட்டுக்கு மாடி எழும்பியது. 2006இல் கல்யாணம்; 35 பவுனும் 1 லட்சம் ரொக்கமும் கொடுத்து அனுப்பினார்கள். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பட்டறைக் கடன் கழுத்தை நெரிக்கிறது. மூத்த மகள் பிளஸ் டூ.

அப்பா மூன்று வருடத்துக்கு முன் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். 74 வயது அம்மா, சின்ன அண்ணனோடு அதே வீட்டில் இருக்கிறார். இரண்டு அண்ணன்கள், ஒரு தங்கை. அண்ணன்கள், இவர் தன் பங்கை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் ஒன்றைத் தயார் செய்து வாட்ஸ்அப்பில் நகல் அனுப்பியிருக்கிறார்கள். “அடுத்த மாசம் 14ஆம் தேதி டோக்கன் போட்டிருக்கு, ஒரு நாள் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ. உனக்குள்ளதைக் கல்யாணத்திலயே தந்தாச்சு” என்பது பெரிய அண்ணன். “கேஸ் போடு” என்பது கணவர். “அக்கா போட்டா நானும் போடுவேன்” என்பது தங்கை. சபைப் போதகரிடம் போய் அழுதிருக்கிறார். அவர் 1 கொரிந்தியர் 6ஐத் திறந்து, விசுவாசி தன் சகோதரன் மேல் வழக்குக்குப் போவதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்று ஜெபித்து அனுப்பிவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்விகள். “ஐயா, பங்கு கேட்டால் நான் பேராசைக்காரியா? கேட்காவிட்டால் என் பிள்ளைகளுக்குத் துரோகமா?”

அன்புச் சகோதரிக்கு,

நைட் டியூட்டி முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தூக்கக் கலக்கத்தில் எழுதிய கடிதமாகத் தெரியவில்லை, தேதிகளெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். 14ஆம் தேதி போகாதீர்கள். இப்போதைக்கு வழக்கும் போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் அனுப்பிய பத்திர நகலிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு முறை படித்தேன். “எனக்குச் சேர வேண்டியதை சீதனமாக முன்னமே பெற்றுக்கொண்டுவிட்டபடியாலும், சகோதரர்கள் பேரில் எனக்குள்ள அன்பு விசுவாசத்தாலும், மேற்கொண்டு பிரதிபிரயோஜனம் ஏதுமின்றி” உங்கள் பாத்தியதையை விடுகிறீர்கள், “பின்னிட்டு நானோ என் வாரிசுகளோ யாதொரு தாவாவும் செய்ய மாட்டோம்.” எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வாசகம் இது. நான் பார்க்கச் சொல்வது கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தை. வீடும் மனையும், ரப்பர் விளையும் (தோட்டமும்) என்று இரண்டு சொத்தைத்தான் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பத்திரத்தில் மூன்று இனம் இருக்கிறது. வீட்டோடு 18 சென்ட், விளை 72 சென்ட், மூன்றாவதாக வேறொரு சர்வே எண்ணில் 6 சென்ட். அதன் எல்லைகளில் “கிழக்கே ரோடு” என்று இருக்கிறது. ரோட்டோரம் 6 சென்ட் என்றால் என்ன மதிப்பு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படி ஒரு சொத்து அப்பா பேரில் இருந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் அண்ணன்கள் உங்களை ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் மறைக்கவில்லை, பத்திரத்திலேயே எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள் என்ற நம்பிக்கை மட்டும் இருந்திருக்கிறது.

நகையோடு பங்கு முடிந்ததா?

பெரிய அண்ணன் சொல்வது அவர் கற்பனை அல்ல, ஒரு காலத்தில் அதுதான் சட்டம். திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில் 1916இல் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மகனுக்குக் கிடைப்பதில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோகூட அதுவும் கிடையாது. நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அந்த எண்ணம் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

கோட்டயத்துப் பெண்மணி மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986 பிப்ரவரியில் வாங்கிய தீர்ப்பு, அந்தப் பழைய சட்டம் 1951 ஏப்ரல் 1ஆம் தேதியே செத்துப்போய்விட்டது, அன்றுமுதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925தான் பொருந்தும் என்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னை உயர் நீதிமன்றமும் இந்த முடிவுக்கு வந்திருந்தது. ஆக, உங்கள் அப்பா இறந்த நாளன்று அண்ணன் சொல்லும் சட்டத்துக்கு உயிர் இல்லை.

இருக்கிற சட்டப்படி கணக்கு எளிது. உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மிச்சம் மூன்றில் இரண்டு, ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்கள் நாலு பேர், எனவே ஆளுக்கு ஆறில் ஒன்று. மூன்று இனமும் சேர்ந்து 96 சென்ட். வெறும் அளவில் பார்த்தால் அம்மாவுக்கு 32, உங்களுக்கு 16. ரோட்டோர சென்ட்டும் ரப்பர் விளை சென்ட்டும் ஒரே விலை அல்ல என்பதால் மதிப்புப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

அப்படியானால் 35 பவுன்? அதே சட்டத்தின் 49ஆவது பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. தகப்பன் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்த பணமோ சொத்தோ எதையும் அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது கழிக்கக் கூடாது. உங்களுக்குப் போட்ட நகைக்குக் கழிவு உண்டென்றால், சின்ன அண்ணன் பாலிடெக்னிக் படித்த செலவுக்கும், பெரிய அண்ணனுக்குக் கடை வைத்துக் கொடுத்ததற்கும் கழிவு போட வேண்டியிருக்கும். சட்டம் அந்தப் புதைகுழிக்குள் போகவே இல்லை. நல்ல வேளை.

நீங்கள் தப்பாக நினைத்திருக்கும் சில

உங்கள் பக்கமும் திருத்த வேண்டியவை இருக்கின்றன.

“மாடி என் பணத்தில் கட்டியது, அது எனக்குத்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வராது. அப்பா நிலத்தில், அப்பா பேரில் எழும்பிய கட்டடம் அப்பாவின் சொத்தோடு சேர்ந்ததாகத்தான் பார்க்கப்படும். 20 வருடத்துக்கு முன் மகளாக அனுப்பிய பணத்தைக் கடனாகத் திருப்பிக் கேட்பதற்கும் காலம் கடந்துவிட்டது. ஆனால் அந்த வங்கி ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நீதிமன்றத்தில் எடுபடாவிட்டாலும், பேச்சுவார்த்தையில் “உனக்குத்தான் எல்லாம் தந்தோமே” என்று யாராவது ஆரம்பித்தால் மேசையில் வைக்க உதவும்.

“பட்டா அண்ணன் பேருக்கு மாறிவிட்டதே, இனி என்ன செய்ய?” பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டும் யாரையும் உரிமையாளர் ஆக்கிவிடாது. பயப்பட வேண்டாம்.

அண்ணன்கள் சொல்லும் “பூர்வீகச் சொத்தில் ஆம்பிளைப் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை” என்பதும் நமக்குப் பொருந்தாது, அது இந்துக் கூட்டுக்குடும்பச் சட்டத்தில் பேசப்படுவது. கிறிஸ்தவக் குடும்பத்தில் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகனுக்கும் பங்கில்லை, மகளுக்கும் பங்கில்லை. அவர் நினைத்திருந்தால் முழுவதையும் அண்ணன்களுக்கே உயில் எழுதியிருக்கலாம், நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது. எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் யூகிக்க மாட்டேன்; அவரை உங்களுக்குத்தான் தெரியும்.

கணவர் விஷயம். கடிதத்தில் நாலு இடத்தில் “நாங்கள்” என்று எழுதி அடித்து “நான்” என்று மாற்றியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா சொத்தில் உங்கள் கணவருக்கு இன்று எந்த உரிமையும் கிடையாது. வழக்குப் போடுவதும் விடுவதும் உங்கள் முடிவு மட்டுமே. பணம் கிடைத்தால் அது லேத் கடனுக்கா, மகள் படிப்புக்கா என்பதும் அப்படித்தான். அதை முதலிலேயே உங்களுக்குள் பேசித் தீர்த்துவிடுங்கள். பேச்சுவார்த்தைக்கு அவரை அழைத்துப் போகவும் வேண்டாம். போனால், “மாப்பிள்ளைதான் தூண்டிவிடுறார்” என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

போதகர் ஏழாம் வசனத்தில் நிறுத்திவிட்டார்

நான் வேத பண்டிதன் அல்ல. சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்து சோப்பு டப்பா பரிசு வாங்கியவன், அவ்வளவுதான். ஆனால் ஒரு ஆவணத்தை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். 1 கொரிந்தியர் 6இல் ஏழாம் வசனம், நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கிறது. உண்மை. அதற்கு இரண்டு வசனம் முன்னால், ஐந்தாவதில், சகோதரருக்குள் வழக்குத் தீர்க்க உங்களுக்குள் விவேகி ஒருவன்கூட இல்லையா என்று பவுல் சபையைப் பார்த்துக் கேட்கிறார். எட்டாம் வசனத்தில், அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறவர்களைப் பார்த்து, சகோதரருக்கே இப்படிச் செய்கிறீர்களே என்கிறார். அந்த அதிகாரத்தில் வேலை மூன்று பேருக்கு இருக்கிறது. உங்கள் போதகர் பொறுத்துக்கொள்ள வேண்டியவருக்கு மட்டும் வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறார். அண்ணன்களும் அதே சபைக்காரர்கள், பெரியவர் கமிட்டியில் வேறு இருக்கிறார் என்கிறீர்கள். அவர்களைக் கூப்பிட்டு எட்டாம் வசனத்தை யார் வாசிப்பது?

போதகர் மேல் கோபப்படாதீர்கள். கமிட்டி ஆளைக் கூப்பிட்டுக் கேட்பது ஒரு போதகருக்கு எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மறுபடி போய், “ஐயா, ஐந்தாம் வசனப்படி எங்கள் நாலு பேரையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள்” என்று கேளுங்கள். அவர் தயங்கினால், இரண்டு பக்கத்துக்கும் உறவில்லாத மூப்பர் ஒருவரைக் கேளுங்கள்.

பெண்ணுக்குப் பங்கு என்றதும் எல்லாரும் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளைச் சொல்வார்கள், எண்ணாகமம் 27. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தகப்பனுக்கு மகன் கிடையாது, அதனால்தான் மகள்களுக்கு வந்தது. உங்கள் அண்ணன் அதைப் படித்தவராக இருந்தால் ஒரே நிமிடத்தில் மடக்கிவிடுவார். உங்களுக்குப் பொருந்துவது யோபு 42:15. மகன்கள் ஏழு பேர் இருக்கும்போதே யோபு மூன்று மகள்களுக்கும் அவர்களுடைய சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான். அண்ணன் பதிலுக்கு லூக்கா 12ஐ எடுக்கலாம். ஆஸ்தியைப் பங்கிடச் சொல் என்று கேட்டவனிடம், பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசு சொன்ன இடம். அந்த எச்சரிக்கை உங்களுக்கும் உண்டு. தன் பங்கைக் கொடுக்காமல் வைத்திருக்கிறவருக்கும் உண்டு.

பேராசையா என்று கேட்டீர்கள். அண்ணன்களின் பங்கை நீங்கள் கேட்கவில்லையே. விட்டுக்கொடுப்பது பற்றியும் ஒன்று. உங்களுக்கு மனமிருந்தால் முழுவதையும் விட்டுக்கொடுக்கலாம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அப்படி முழு மனதோடு கொடுத்த பெண்கள் என் கட்சிக்காரர்களில் இருக்கிறார்கள். ஆனால் அப்போது அந்தப் பத்திரத்தில் “சீதனமாக முன்னமே பெற்றுக்கொண்டேன்” என்ற வரி இருக்கக் கூடாது. “சட்டப்படி எனக்குரிய ஆறில் ஒரு பங்கை, அதன் மதிப்பு தெரிந்து, என் விருப்பத்தின்பேரில் கொடுக்கிறேன்” என்று இருக்க வேண்டும். அந்த வரியை எழுத அண்ணன்கள் சம்மதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகத்தில் நிறைய தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போட்டுவிட்டால்

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். பள்ளி ஆசிரியை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் தம்பி டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தானாம். “அந்த டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சு போச்சு சார்” என்றார். கைரேகை, போட்டோ, கையெழுத்து எல்லாம் ஆன பத்திரம். ஏமாற்றி வாங்கியது தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் ரத்து செய்யக் கோரி வழக்குப் போடலாம். நிரூபிக்கும் பாரமோ அவர் தலையில். படித்த பெண், மாதச் சம்பளம் வாங்குகிறவர், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றால் எந்த நீதிபதியும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். நீங்களும் அதே நிலையில்தான் இருப்பீர்கள்.

வழக்கைப் பற்றியும் ஆசை காட்ட மாட்டேன். பாகப்பிரிவினை வழக்கில் முதலில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தீர்ப்பாணை, பிறகு நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை, நடுவில் மேல்முறையீடு. மேரி ராய்க்கே 1986 தீர்ப்புக்குப் பிறகு பங்கு கைக்கு வர இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோவையிலிருந்து நீங்கள் வரவேண்டியதில்லை, சாட்சி சொல்லும்போது வந்தால் போதும். ஆனாலும் அம்மா பிரதிவாதியாக இருப்பார். அதைத் தாங்குவீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரமும் இல்லை. பங்காளிகளுக்குள் பாகம் கேட்க இன்றோ நாளையோ கெடு முடிந்துவிடாது. உங்களுக்குப் பங்கே கிடையாது என்று வெளிப்படையாக மறுத்து அவர்களே அனுபவித்து வந்தால் மட்டும் 12 வருடக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அண்ணன் அந்த வாட்ஸ்அப்பில் மறுத்தே எழுதியிருப்பதால் மெத்தனமாகவும் இருந்துவிடாதீர்கள்.

14ஆம் தேதிக்குள்

அண்ணனுக்குச் சண்டை தொனி இல்லாமல் பதில் அனுப்புங்கள்: “அண்ணா, 14ஆம் தேதி வர முடியாது. பத்திரத்தைப் படித்தேன், மூன்று சொத்தைப் பற்றியும் எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம்.” மூன்று என்ற எண் அதில் இருக்கட்டும். அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று இணையத்திலேயே எடுக்கலாம். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றின் நகலையும் கேளுங்கள். அதில் ஐந்து பேர் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கையிடம் இன்றே பேசுங்கள். அவள் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நீங்கள் போடும் கையெழுத்து இரண்டு கையெழுத்து.

பேசும்போது நிலத்தைத் துண்டு போட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வீடு அம்மாவுக்கும் சின்ன அண்ணனுக்கும் இருக்கட்டும், விளையிலோ ரோட்டோர இடத்திலோ உங்களுக்கு ஈடு தரட்டும். அல்லது உங்கள் பங்கின் மதிப்பில் ஒரு நியாயமான தொகையைக் காசோலையாக வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையைப் பத்திரத்திலேயே எழுதி விடுதலை கொடுக்கலாம். மகள் கல்லூரிக் கட்டணத்தை நினைத்தால் எனக்கு இரண்டாவதுதான் நல்லதாகப் படுகிறது. செலவும் பெரிதல்ல. தமிழ்நாட்டில் 2023 ஜூலை முதல் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000.

சபையில் தீரவில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு போடுங்கள். பெண் என்பதாலேயே, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். அங்கே ஒத்துக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அதுவே நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

கடைசியாக அம்மா. ஆறு பக்கத்தில் அவரைப் பற்றி “அம்மா ஒன்றும் பேசுவதில்லை” என்று ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொத்தில் உங்கள் எல்லாரையும்விடப் பெரிய பங்கு அவருடையது. மூன்றில் ஒன்று, முழு உரிமையோடு. அவர் கையெழுத்தையும் அண்ணன்கள் கேட்டிருக்கிறார்களா, ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்று கடிதத்தில் இல்லை. அவர் சின்ன அண்ணனுக்கே கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். ஆனால், கடைசிவரை சாப்பாடும் மருத்துவமும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது எழுதியிருந்தால், பார்க்காமல் விட்டபோது 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போய் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம்.

அண்ணன்களிடம் பேசுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆராதனைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அம்மாவுக்குப் போன் போடுங்கள். அந்த மூன்றில் ஒன்று தன்னுடையது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.